லாகவுட் பண்ணியும் போகாத குக்கீ

சர்வர்ல எழுதுற எந்தக் கோடுக்கும் குக்கீயை அழிக்கிற அதிகாரம் கிடையாது.

பிஹெச்பி, ஜாவா, நோடு, எதுவா வேணா இருக்கட்டும். குக்கீ இருக்கிறது வாடிக்கையாளர் கம்ப்யூட்டர்ல, அவர் பிரவுசருக்குள்ள. சர்வர் பதில் அனுப்பும்போது கூடவே ஒரு ஹெடர் வச்சு, “இந்தப் பேர்ல ஒண்ணு குடுத்து வச்சேன்ல, அதைத் தூக்கிடுப்பா”ன்னு கேக்கலாம். அவ்வளவுதான். கேக்குற மாதிரி கேட்டா பிரவுசர் தூக்கிடும். கொஞ்சம் பிசகினாலும் குக்கீ இருந்த இடத்துலயே இருக்கும். எர்ரர் வராது. லாக்ல ஒரு வரி விழாது. ஸ்கிரீன்ல மட்டும் “வெற்றிகரமாக வெளியேறிவிட்டீர்கள்”னு பச்சைக் கலர்ல வந்து நிக்கும்.

அந்தப் பச்சைக் கலர் மெசேஜ் மேலதான் எனக்கு இவ்வளவு கோபம்.

போன வாரம் மதுரைல பழைய புத்தகம் விக்கிற தம்பி ஒருத்தர் போன் பண்ணார். ஆன்லைன்லயும் விக்கிறார், சின்ன சைட்.

“அண்ணே, ஒரு கஸ்டமர் பிரவுசிங் சென்டர்ல உக்காந்து நம்மகிட்ட ஆர்டர் போட்டுட்டு, லாகவுட்டும் பண்ணிட்டுப் போயிருக்காரு. அடுத்து வந்த ஆளுக்கு சென்டர்காரர் நம்ம சைட்டைத் திறந்தா, முந்தின ஆளோட பேரு, வீட்டு அட்ரஸ், போன் நம்பர் எல்லாம் அப்படியே நிக்குதாம். ஆர்டர் பட்டனை அழுத்தினா அவரு பேர்லயே போயிடும்ணே.”

சைட்டை எழுதிக் குடுத்தவங்க இப்போ தொடர்புல இல்லையாம். பாஸ்வேர்டை வாங்கிக்கிட்டு உள்ள போய்ப் பாத்தேன்.

வெளியேறுற பக்கத்துல இருந்த கோடு இதுதான்: குக்கீ அரேல இருந்து அந்தப் பேரை ‘அன்செட்’ பண்ணு. குக்கீக்குன்னு இருந்தது அந்த ஒரே வரிதான்.

பிஹெச்பி தெரிஞ்சவங்களுக்கு இந்நேரம் புரிஞ்சிருக்கும். தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். பிரவுசர் அனுப்பின குக்கீயை எல்லாம் பிஹெச்பி ஒரு அரேல போட்டு நம்ம கையில குடுக்கும். அது நகல். அந்த நகல்ல ஒண்ணை எடுத்துட்டா, அந்த ஒரு ரெக்வெஸ்ட் முடியுற வரைக்கும் நம்ம கோடுக்கு அது தெரியாது, அவ்வளவுதான். பிரவுசருக்கு இந்த விஷயமே போகாது. அடுத்த கிளிக்ல பழைய குக்கீயைத் திரும்ப அனுப்பும்.

இதுல கொடுமை என்னன்னா, சோதிச்சுப் பாத்தா வேலை செய்யுற மாதிரியே தெரியும். லாகவுட் அழுத்தின அந்தப் பக்கத்துல பேர் காணாமப் போயிடும். “சரி, ஆயிடுச்சு”ன்னு எழுந்து போயிடுவாங்க. ஒரே ஒரு தடவை வேற பக்கத்தைத் திறந்து பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்.

(ஏஎஸ்பி டாட் நெட்லயும் இதே கதை உண்டு. ரெஸ்பான்ஸ்ல இருக்கிற குக்கீ பட்டியல்ல இருந்து ‘ரிமூவ்’ பண்ணிட்டு, குக்கீ போயிடுச்சுன்னு நினைக்கிறவங்க நிறைய பேர். அங்கே அதே பேர்ல இன்னொரு குக்கீ போட்டு, காலாவதி தேதியை நேத்துன்னு வச்சு அனுப்பணும்.)

ஆமா, குக்கீயை அழிக்கிற முறை இதுதான். அழிக்கணும்னா இன்னொரு குக்கீ போடணும். அதே பேர், வெறும் மதிப்பு, எப்பவோ முடிஞ்சு போன தேதி. பிரவுசர் பழையதை எடுத்துட்டு புதுசை வைக்கும், புதுசு ஏற்கெனவே காலாவதின்னு பாத்துத் தூக்கிப் போட்டுடும்.

ஏன் இப்படிச் சுத்தி வளைக்கிறாங்கன்னு கேட்டா, கதை 1994-க்குப் போகும். நெட்ஸ்கேப்ல வேலை பாத்த லூ மாண்டுலிதான் குக்கீயை உருவாக்கினவர். எம்சிஐ கம்பெனிக்காக ஒரு ஆன்லைன் கடை கட்டிக்கிட்டு இருந்தாங்க. வாங்கறவங்க கூடையில என்ன இருக்குங்கறதைச் சர்வர்ல வச்சுக்க எம்சிஐக்கு விருப்பமில்லை. அப்போ அதை வாங்கறவர் பிரவுசர்லயே வச்சுட்டா என்னன்னு பிறந்ததுதான் இது. ஞாபகம் வைக்கத்தான் செஞ்சாங்க. மறக்கறதுக்குன்னு தனியா ஒரு கட்டளை அன்னைக்கும் இல்லை, 2011-ல வந்த ஆர்எஃப்சி 6265-லயும் இல்லை.

ஆனா ஒண்ணு சொல்லணும். நெட்ஸ்கேப்காரங்க அன்னைக்கே எழுதி வச்ச குறிப்புல இது தெளிவா இருக்கு: அழிக்கணும்னா பழைய தேதி போட்டு அனுப்பு, ஆனா பேரும் பாத்தும் (path, சைட்ல எந்த ஃபோல்டருக்கான குக்கீங்கறது) அச்சு அசலா ஒத்துப் போகணும். அந்த ரெண்டாவது பாதியைத்தான் நாம எல்லாரும் தாண்டிப் போயிடறோம்.

சரி, தம்பி சைட்டுக்கு வருவோம்.

அன்செட் வரியைத் தூக்கிட்டு, செட்குக்கீ ஃபங்க்‌ஷனைப் போட்டேன். பேர், வெறும் மதிப்பு, ஒரு மணி நேரம் முந்தின தேதி. நெட்ல எங்கே தேடினாலும் கிடைக்கிற வரி இது. முதல்ல அப்படியே போட்டுப் பாப்போம், எது மாறுதுன்னு தெரியட்டும்னு போட்டேன்.

குக்கீ அசையலை.

காரணம் ஃபோல்டர். இந்த சைட்ல உள்நுழையற பக்கம் ‘/கடை/நுழை’ங்கிற இடத்துல இருக்கு. வெளியேறுற பக்கம் ‘/கடை/கணக்கு/வெளியேறு’ல இருக்கு. குக்கீ போட்டவங்க பாத் எதுவும் குடுக்கலை. குடுக்கலேன்னா பிரவுசர் தானா ஒண்ணு வச்சுக்கும்: எந்தப் பக்கத்துல இருந்து குக்கீ வந்ததோ, அந்தப் பக்கத்தோட முகவரில கடைசிச் சாய்கோட்டுல இருந்து பின்னால இருக்கிறதை வெட்டிட்டு மிச்சத்தை எடுத்துக்கும். அப்போ அசல் குக்கீயோட பாத் ‘/கடை’. நான் அனுப்பின அழிப்புக் குக்கீயோட பாத் ‘/கடை/கணக்கு’. பிரவுசர் கண்ணுக்கு இது ரெண்டும் வேற வேற குக்கீ. பேர் ஒண்ணா இருந்தா என்ன? “கணக்குல அப்படி ஒண்ணு இல்லையே”ன்னு நகர்ந்து போயிடும்.

சரி, பாத்தைக் குடுப்போம்னு ‘/கடை/’ன்னு போட்டேன்.

அப்பவும் அசையலை!

இந்த இடத்துல கொஞ்சம் நிதானமாப் படிங்க, ஏன்னா இது நிறைய பேர் தூக்கத்தைக் கெடுத்த இடம். பிரவுசர் தானா வச்சுக்கிட்ட பாத் ‘/கடை’. கடைசில சாய்கோடு கிடையாது. நான் குடுத்தது ‘/கடை/’. சாய்கோடு உண்டு. ஒரு பக்கத்துக்குக் குக்கீயை அனுப்பலாமான்னு பாக்கும்போது பிரவுசர் கொஞ்சம் தாராளமாப் பொருத்திப் பாக்கும். அதே குக்கீயான்னு பாக்கும்போது எழுத்துக்கு எழுத்து பாக்கும். ஒரு கோடு கூடினாலும் வேற ஆள்.

சாய்கோட்டை எடுத்தேன். போச்சு!

எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது. பக்கத்தை ரெஃப்ரெஷ் பண்ணேன், பேர் இல்லை. மறுபடியும் பண்ணேன், இல்லை. தம்பிக்குப் போன் போட்டு, “ஆயிடுச்சுப்பா, உன் மொபைல்ல பாரு”ன்னேன்.

“இல்லண்ணே, எனக்கு இன்னும் என் பேர்தான் வருது.”

மறுபடியும் டெவலப்பர் டூல்ஸைத் திறந்தேன், இந்தத் தடவை அவர் போன்ல என்னென்ன குக்கீ இருக்குன்னு பாக்கறதுக்கு. ஒரே பேர்ல ரெண்டு குக்கீ. ஒண்ணுல டொமைன் வெறும் சைட் பேர். இன்னொண்ணுல அதே பேருக்கு முன்னால ஒரு புள்ளி. மொபைலுக்குன்னு தனியா ஒரு சப்டொமைன் வச்சிருந்திருக்காங்க. அங்கேயும் இங்கேயும் ஒரே லாகின் ஓடணும்னு அந்தப் பக்கத்துக் கோடுல டொமைனைக் குறிப்பிட்டுக் குக்கீ போட்டிருக்காங்க. டொமைன் குறிப்பிட்டுப் போட்டது ஒரு குக்கீ, குறிப்பிடாமப் போட்டது இன்னொரு குக்கீ. பிரவுசர் ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல வச்சுக்கும். ஒண்ணு போனா இன்னொண்ணு வேலைக்கு வந்துடும். வெளில இருந்து பாக்கறவருக்குச் செத்த குக்கீ திரும்பி வந்த மாதிரி இருக்கும்.

ஆக, ஒரு குக்கீயோட அடையாளம் மூணு சேந்தது: பேர், டொமைன், பாத். மூணும் சரியா இருந்தாத்தான் அழியும்.

இதுல பெரிய சங்கடம் ஒண்ணு இருக்கு. பிரவுசர் குக்கீயைச் சர்வருக்கு அனுப்பும்போது பேரையும் மதிப்பையும் மட்டும்தான் அனுப்பும். எந்த டொமைன், எந்த பாத், எப்போ காலாவதி, ஒண்ணும் சொல்லாது. அதனால ‘வந்த குக்கீயை எல்லாம் சுத்தி வந்து அழி’ன்னு ஒரு லூப் எழுதினா சரியாப் போயிடும்னு நினைக்காதீங்க. எதை அழிக்கணும்னு சர்வருக்குத் தெரிய வழியே இல்லை. போட்டவங்கதான் எப்படிப் போட்டோம்னு ஞாபகம் வச்சிருக்கணும்.

என் கருத்து, அதுலயும் உறுதியான கருத்து: குக்கீ போடுற கோடும் அழிக்கிற கோடும் ஒரே ஃபைல்ல, அடுத்தடுத்து இருக்கணும். டொமைன், பாத் ரெண்டையும் மேல ஒரு இடத்துல எழுதி வச்சு, ரெண்டு ஃபங்க்‌ஷனும் அங்கே இருந்து எடுக்கணும். இதைத் தம்பி சைட்ல செஞ்சேன். பழைய குக்கீகளுக்காக, இதுவரைக்கும் புழக்கத்துல இருந்த ஒவ்வொரு டொமைன்-பாத் ஜோடிக்கும் ஒரு அழிப்பு ஹெடர் அனுப்பினேன். ஒரே பதில்ல பல செட்-குக்கீ ஹெடர் அனுப்பலாம், ஒண்ணும் தப்பில்லை.

இப்போ தேதி விஷயம். ‘ஒரு மணி நேரம் முன்னாடி’ன்னு போடுறதை நான் எங்கே பாத்தாலும் மாத்தச் சொல்லுவேன். யாரோட கடிகாரப்படி ஒரு மணி நேரம்? நம்ம சர்வர்ல கணக்குப் போடுறோம், காலாவதியான்னு பாக்கறது அவங்க மெஷின். பழைய மெஷின்ல மதர்போர்டு பேட்டரி செத்துப் போனா, கம்ப்யூட்டர் திறக்கும்போது தேதி பல வருஷம் பின்னாடி போயிடும். பிரவுசிங் சென்டர் பக்கம் போனவங்களுக்கு இது புதுசில்லை. அந்த மெஷினுக்கு நம்ம ‘ஒரு மணி நேரம் முன்னாடி’ங்கறது இன்னும் பல வருஷம் கழிச்சு வரப் போற நேரம். அதனால 1970 ஜனவரி 1-ன்னு போடுங்க, கூடவே மேக்ஸ்-ஏஜ் 0-வும் போடுங்க. மேக்ஸ்-ஏஜ் தேதியைப் பாக்காது, இத்தனை செகண்டுன்னு மட்டும் பாக்கும். ரெண்டும் இருந்தா இப்போ இருக்கிற பிரவுசர்கள் மேக்ஸ்-ஏஜைத்தான் எடுத்துக்கும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8 வரைக்கும் அது தெரியாது, அதுக்குத்தான் தேதி. பிஹெச்பில மதிப்பை வெறுமையா விட்டா இப்போதைய வெர்ஷன்கள் இந்த ரெண்டையும் தானா போட்டுடும்.

ஜாவாக்காரங்களுக்குத் தனியா ஒரு வரி. செட்மேக்ஸ்ஏஜ்ல 0 குடுத்தா அழியும். மைனஸ் 1 குடுத்தா அழியாது, பிரவுசரை மூடுற வரைக்கும் இருக்கும். ஹெடர்ல நேரா மைனஸ் 1 எழுதினா உடனே அழியும். ஒரே எண்ணுக்கு ரெண்டு இடத்துல ரெண்டு நடத்தை! இதை வடிவமைச்சவங்களை நேர்ல பாத்தா நிச்சயம் கேப்பேன்.

எக்ஸ்பிரஸ்ல கிளியர்குக்கீ, ஜாங்கோல டெலீட்_குக்கீன்னு அழகா பேர் வச்ச ஃபங்க்‌ஷன்கள் இருக்கு. உள்ள நடக்கிறது இதேதான். குக்கீ போடும்போது குடுத்த பாத்தையும் டொமைனையும் அங்கேயும் குடுக்கணும்.

அப்புறம் இந்தச் சில வருஷமா சேந்துக்கிட்ட புதுத் தொல்லைகள். 2020 பிப்ரவரில வந்த குரோம் 80-ல இருந்து, சேம்சைட்ங்கிற அடைமொழியைச் சொல்லாத குக்கீயை ‘லேக்ஸ்’னு எடுத்துக்க ஆரம்பிச்சாங்க. இன்னொருத்தர் சைட்டுக்குள்ள ஐஃபிரேம்ல ஓடுற உங்க பக்கம் ‘நன்’னு சொல்லிக் குக்கீ போட்டிருக்கும். அழிக்கும்போது அதைச் சொல்லாம விட்டா, அழிப்பு ஹெடரையே பிரவுசர் நிராகரிச்சுடும். குக்கீ பத்திரமா இருக்கும். பேர் ‘__ஹோஸ்ட்-’னு ஆரம்பிக்கிற குக்கீயும் அப்படித்தான். அதுக்கு செக்யூர் இருக்கணும், பாத் வெறும் சாய்கோடா இருக்கணும், டொமைன் இருக்கக் கூடாது. அழிக்கப் போறதுதானேன்னு செக்யூரை விட்டுட்டா, அந்த ஹெடர் செல்லாது. பார்ட்டிஷன் பண்ணின குக்கீயா இருந்தா, அழிக்கும்போதும் ‘பார்ட்டிஷன்ட்’ங்கிற அடைமொழி வேணும். பிறக்கும்போது இருந்த அத்தனை அடைமொழியும் சாகும்போதும் இருக்கட்டும், அதுதான் பாதுகாப்பு.

ஃபெட்ச்ல லாகவுட் கூப்பிடுறவங்களுக்கு: பக்கம் ஒரு டொமைன்ல, ஏபிஐ இன்னொரு டொமைன்ல இருந்தா, கிரெடென்ஷியல்ஸை ‘இன்க்ளூட்’னு வைக்கலேன்னா பதில்ல வர்ற செட்-குக்கீயை பிரவுசர் கண்டுக்காது. சர்வர் சரியா அனுப்பியிருக்கும். லாக்ல 200 இருக்கும். குக்கீயும் இருக்கும்.

தம்பி சைட்ல கடைசியா மாட்டினது எனக்கே ரொம்பப் பிடிச்சுப் போன பிழை. எல்லாம் சரி பண்ணியாச்சு. முதல் தடவை லாகவுட் ஆகுது. திரும்ப லாகின் பண்ணி, ரெண்டாவது தடவை லாகவுட் அழுத்தினா ஆகலை. பிரவுசரைத் துடைச்சுட்டு வந்தா மறுபடி முதல் தடவை ஆகுது, ரெண்டாவது தடவை இல்லை.

பாத்தா, வெளியேறுற பக்கம் வேலையை முடிச்சுட்டு முகப்புக்கு 301 போட்டு அனுப்புது. 301-னா நிரந்தரமா இடம் மாறிட்டேன்னு அர்த்தம். பிரவுசர் அதை நம்பி ஞாபகம் வச்சுக்குது. அடுத்த தடவை லாகவுட் அழுத்தும்போது சர்வர் பக்கமே போகாம, நேரா முகப்புக்குத் தாவிடுது. நம்ம கோடு ஓடவே இல்லை, அப்புறம் குக்கீ எப்படி அழியும்? 303-ன்னு மாத்தி, நோ-ஸ்டோர்னு கேஷ் ஹெடர் சேத்தேன். லிங்க்கா இருந்த லாகவுட்டை ஃபார்ம் பட்டனா ஆக்கி, போஸ்ட்ல போக வச்சேன். சரியாச்சு.

(லாகவுட்டை வெறும் லிங்க்கா வைக்கக் கூடாதுங்கறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. 2005-ல கூகுள் வெப் ஆக்சிலரேட்டர்னு ஒண்ணு விட்டாங்க. பக்கத்துல இருக்கிற லிங்க்கை எல்லாம் முன்கூட்டியே போய் எடுத்து வைக்கும். அழி, நீக்குன்னு லிங்க் வச்சிருந்த சைட்ல எல்லாம் அதையும் போய்த் தொட்டு வச்சது. பெரிய கூச்சல் ஆச்சு.)

பிஹெச்பியோட ‘ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்’ எர்ரர் பத்தி ரெண்டு வரி. செட்குக்கீக்கு முன்னால ஒரு வெத்து வரி வெளியே போயிட்டாக்கூட ஹெடர் போகாது. லைவ் சர்வர்ல எர்ரர் காட்டறதை அணைச்சு வச்சிருப்பாங்க, அதனால கண்ணுக்குத் தெரியாது. எர்ரர் லாகைப் பாருங்க.

கிளியர்-சைட்-டேட்டான்னு ஒரு ஹெடர் இருக்கே, அதைப் போட்டா எல்லாம் ஒரே அடியாப் போயிடுமேன்னு கேப்பீங்க. இருக்கு, நல்ல விஷயம்தான். குக்கீஸ்னு இரட்டை மேற்கோளுக்குள்ள எழுதி அனுப்பினா, பாத் கணக்கெல்லாம் பாக்காம துடைச்சுடும். எச்டிடிபிஎஸ்ல மட்டும்தான் வேலை செய்யும். குரோம், ஃபயர்ஃபாக்ஸ்ல முன்னாடியே வந்துடுச்சு, சஃபாரில 17-வது வெர்ஷன்லதான் வந்தது. ஆனா அது அந்த டொமைன் முழுக்க, சப்டொமைனையும் சேத்துத் துடைக்கும். ஒரே டொமைன்ல கடை ஒரு பக்கம், அக்கவுண்ட்ஸ் ஒரு பக்கம்னு ஓட்டறவங்க, கடையில லாகவுட் பண்ணினா அக்கவுண்ட்ஸ்லயும் வெளில வந்து நிப்பாங்க. கூடுதல் பாதுகாப்பா வைக்கலாம். இதை மட்டுமே நம்பி இருக்கறது சரியில்லைன்னு நினைக்கிறேன்.

இவ்வளவு நேரம் குக்கீயை அழிக்கறதைப் பத்தியே பேசினேன். ஆனா தம்பி சைட்ல என்னை நிஜமாவே பயமுறுத்தினது வேற. அந்தக் குக்கீக்குள்ள இருந்தது வாடிக்கையாளர் எண். வெறும் எண். எப்பவுமே மாறாது. லாகவுட் எவ்வளவு சுத்தமா எழுதினாலும், அந்த எண்ணை ஒருத்தர் குறிச்சு வச்சுக்கிட்டா நாளைக்கும் உள்ள வரலாம், அடுத்த வருஷமும் வரலாம். எண்ணை ஒண்ணு கூட்டிப் போட்டா பக்கத்து ஆள் கணக்குக்குள்ளயும் போகலாம்.

குக்கீயை அழிக்கிறது சாவியைத் திரும்ப வாங்கற மாதிரி. நகல் எடுத்து வச்சவங்களை அது ஒண்ணும் பண்ணாது. பூட்டை மாத்தணும், அது சர்வர்ல இருக்கு, அது முழுக்க நம்ம கையில இருக்கு. பிரவுசர்கிட்ட கெஞ்சிக்கிட்டு இருக்க வேண்டாம்.

அதனால லாகின் பண்ணும்போது நீளமான ஒரு ரேண்டம் டோக்கனை உருவாக்கி, அதோட ஹாஷை டேட்டாபேஸ்ல வச்சு, டோக்கனைக் குக்கீல குடுத்தேன். லாகவுட்ல முதல் வேலை, டேட்டாபேஸ்ல அந்த வரியை நீக்கறது. ரெண்டாவது வேலைதான் குக்கீ ஹெடர். இந்த வரிசை முக்கியம். ஹெடர் எங்கேயாவது தொலைஞ்சாலும் அந்தக் குக்கீ இனி செல்லாது. பிஹெச்பி செஸ்ஸன் பயன்படுத்துறவங்க செஸ்ஸன்_டிஸ்ட்ராய் கூப்பிட்டா சர்வர் பக்கம் தரவு போயிடும், செஸ்ஸன் குக்கீ அப்படியே இருக்கும். அதை நாமதான் தனியா அழிக்கணும், செஸ்ஸன் குக்கீயோட பாத், டொமைனைக் கேட்டு வாங்கி. மேனுவல்லயே உதாரணம் குடுத்திருக்காங்க. ஜேடபிள்யூடி போடுறவங்க இன்னும் கவனமா இருக்கணும். காலாவதி ஆகுற வரைக்கும் அந்த டோக்கன் செல்லும், ரத்துப் பட்டியல் வைக்கலேன்னா லாகவுட்டுக்கு அங்கே வேலையே இல்லை.

பிரவுசிங் சென்டர் மட்டும் இல்லைங்க. காலேஜ் லேப், லைப்ரரி கம்ப்யூட்டர், வீட்டுக்கே ஒரு போன் வச்சிருக்கிற குடும்பம், இங்கெல்லாம் ஆள் மாறி ஆள் உக்காருவாங்க. ‘வெளியேறு’ பட்டனை நம்பித்தான் எழுந்து போறாங்க. எனக்கு சொந்த லேப்டாப் இருக்கு, நான் லாகவுட் பண்றதே அபூர்வம். எழுதுறவங்க பெரும்பாலும் இப்படித்தான். அதனாலயே இந்த பட்டனை யாரும் சரியா சோதிக்கறதில்லைன்னு நினைக்கிறேன்.

சோதிக்கிற முறை சொல்றேன், உங்க சைட்ல இன்னைக்கே பண்ணிப் பாருங்க. லாகின் பண்ணுங்க. டெவலப்பர் டூல்ஸ்ல குக்கீயோட மதிப்பை காப்பி பண்ணி வச்சுக்கோங்க. லாகவுட் அழுத்துங்க. குக்கீ பட்டியல்ல அந்தப் பேர்ல எதுவும், எந்த பாத்லயும், எந்த டொமைன்லயும் மிச்சம் இல்லையான்னு பாருங்க. நெட்வொர்க் பக்கத்துல செட்-குக்கீ நிராகரிக்கப்பட்டிருந்தா குரோம் மஞ்சள் முக்கோணம் காட்டும் (பாத் மாறினதுக்குக் காட்டாது, ஏன்னா அது செல்லுபடியாகுற ஹெடர்தான்). இன்னொரு தடவை லாகின் பண்ணி இதையே திரும்பச் செய்யுங்க, 301 மாதிரி விஷயம் அப்போதான் சிக்கும்.

அப்புறம், காப்பி பண்ணி வச்ச அந்தப் பழைய மதிப்பை கர்ல்ல குடுத்து, கணக்குப் பக்கத்தைக் கேளுங்க. லாகின் பக்கத்துக்குத் திருப்பி விட்டா நல்லது. பேரும் அட்ரஸும் வந்துச்சுன்னா, வேற எந்த வேலையா இருந்தாலும் தள்ளி வச்சுட்டு முதல்ல இதைப் பாருங்க.